எழுப்பாதீங்க, நடக்கிறாரு

புளிய மரத்திலிருந்து விழுந்தேன். மாசி மாதம். மொரப்பூர்ப் பக்கம் ரோட்டோர மரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்களிடம் உலுக்கும் கூலிக்குப் போகிறவன் நான். கிளை முறியவில்லை. கால் வழுக்கியது. அவ்வளவுதான்.

இதை எழுதச் சொன்னது பிசியோ மேடம். உடம்பை அசைக்கவும் உட்காரவும் பழக்கிவிடுகிறவர். "புதுசா வர்றவங்ககிட்ட நாங்க சொன்னா பயந்துக்கறாங்கண்ணா. நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க" என்றார். எட்டாவது வரைக்கும் படித்தவன். நடந்ததை எழுதத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

விழுந்ததும் வலி இல்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வலி இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். உள்ளங்காலில் முள் ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கூட வேலை செய்தவர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். அப்படித் தூக்கக்கூடாதாம். உடம்பை வளைக்காமல் பலகையில் நேராகக் கிடத்தி எடுத்துப்போக வேண்டுமாம். அதனால்தான் இப்படி ஆயிற்றா என்று பிறகு டாக்டரைக் கேட்டேன். "அதை இப்ப சொல்ல முடியாதுங்க" என்றார். அதோடு விட்டுவிட்டேன். அவர்களில் ஒருவர் இன்றும் என்னைப் பார்க்க வந்தால் கட்டில் காலைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். எனக்கு முன்னால் நிறைய பேர். ஆட்கள் தாண்டிப் போகும்போது என் கால்மேல் கை வைத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் ஃபைலைக்கூட என் முழங்கால்மேல் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி காவேரிதான் அந்த ஃபைலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அது மனுசன் காலுங்க" என்றாள்.

டாக்டர் சொன்னது இது. முதுகெலும்புக்குள் ஒரு நரம்புக் கத்தை ஓடுகிறது. தண்டுவடம் என்பார்கள். மூளை சொல்வதைக் காலுக்குக் கொண்டுபோவது அதுதான். காலில் பட்டதை மூளைக்குக் கொண்டுவருவதும் அதுதான். எலும்பு நொறுங்கி அதை நசுக்கிவிட்டது. எலும்பைக் கம்பியும் திருகாணியும் வைத்து நிமிர்த்தலாம். நரம்பை அப்படிச் செய்ய முடியாது.

"நடப்பேனா சார்?"

"உட்காருவீங்க. முதல்ல அதுக்குப் பழகுவோம்."

நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. எனக்குப் புரிந்தது. காவேரிக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள மாட்டேன் என்று இருந்தாள்.

ஆபரேஷன் முடிந்தது. காப்பீட்டு அட்டையில் பெரும்பகுதி போயிற்று. மிச்சத்தை அண்ணன் கோவிந்தன் பார்த்துக்கொண்டார். வார்டுக்கு மாற்றினார்கள். மூத்திரத்துக்கு ஒரு ரப்பர் டியூப், அதன் முனையில் ஒரு பை. பை கட்டிலில் தொங்கும். மற்றதைக் காவேரி கையுறை போட்டு எடுத்தாள். முதல் தடவை நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தலையை மட்டும்தான் திருப்ப முடிந்தது. "பாப்பாவுக்குச் செய்யலையா, அப்படித்தான்" என்றாள். பாப்பா எங்கள் மகள். ஏழாவது படிக்கிறாள். அண்ணன் வீட்டில் விட்டிருந்தோம்.

சிஸ்டர் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைத் திருப்பிப் போட வேண்டும். ராத்திரியிலும். நம் உடம்பு தூக்கத்திலும் வலிக்கிற பக்கத்தை விட்டுப் புரண்டுகொள்கிறது. எனக்கு வலி தெரியாது. அதனால் புரள மாட்டேன். ஒரே இடம் அழுந்திக்கொண்டிருந்தால் ரத்தம் போகாமல் சதை செத்துவிடும். படுக்கைப் புண் என்பார்கள். "கால் போனதால இவங்க சாகறதில்ல. புண்ணுலதான் சாகறாங்க" என்றார். காவேரி தலையை ஆட்டினாள். பகலில் ஒழுங்காகத் திருப்பினாள். முதல் சில ராத்திரிகளும் திருப்பினாள்.

பிறகு எனக்குக் கனவு வந்தது.

கனவில் நடந்தேன். விசேஷமாக ஒன்றும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து ரயில்வே கேட்டுக்குப் போகிற மண்பாதை. வெயில். மண் சுட்டது. உள்ளங்காலில் சூடு தெரிந்தது. ஓரமாக ஒதுங்கி வேலமர நிழலில் நின்றேன். குளிர்ச்சி தெரிந்தது. விழுந்த நாளிலிருந்து என் பாதத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது அதுதான் முதல் தடவை. விழித்ததும் காவேரியிடம் சொன்னேன். மற்ற யாரிடமாவது சொல்லியிருந்தால் இத்தனை ஆகியிருக்காது. ஆனால் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போர் போட வேண்டும், பெண் எடுக்க வேண்டும், நிலம் வாங்க வேண்டும் என்றால் ஒருவர் குலசாமி கோயிலில் ராத்திரி படுப்பார். என்ன கனவு வருகிறதோ அதுதான் உத்தரவு. காலையில் முகம் கழுவாமல் சொல்ல வேண்டும். முக்கியமாக, படுத்தவரை நடுவில் எழுப்பக்கூடாது. மழை வந்தாலும் எழுப்பக்கூடாது. பாதிக் கனவில் எழுப்பினால் உத்தரவு பாதியில் நின்றுவிடும். அப்புறம் அந்தக் காரியம் முடியாது. எங்கள் கிணற்றுமேட்டு போர் அப்படித்தான் போட்டோம். தண்ணீரும் வந்தது.

காவேரி அண்ணனுக்கு போன் போட்டாள். அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார்.

"எந்தக் கால முன்ன வெச்ச?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்லண்ணா."

"சோத்துக் கையி பக்கமா இருக்கும். சரி. உத்தரவு வந்துருச்சுடா. கோயிலுக்கு நாம போவ முடியலன்னு சாமி இங்க வந்து சொல்லுது."

அந்த வாரம்தான் பிசியோ மேடம் ஒரு சேதி கொண்டுவந்தார். வேறொரு ஊரில் இப்படி ஆனவர்களுக்கென்று பயிற்சி நிலையம் இருக்கிறது. வீல்சேரில் ஏறி இறங்க, தானே டியூப் வைத்துக்கொள்ள, சமைக்க, கடை வைக்க எல்லாம் பழக்குகிறார்கள். எனக்கு அங்கே இடம் கேட்டிருந்தார். சீக்கிரம் கிடைக்கும் என்றார்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க போனா வண்டியில குந்த வெச்சு அனுப்பிடுவாங்க. நாமளே வண்டியில குந்திக்கிட்டா, அப்புறம் சாமி எதுக்கு வேலை செய்யும்?" என்றார். மேடமிடம் மட்டும், "கொஞ்சம் பொறுத்துப் போறோம்மா" என்று மரியாதையாகச் சொன்னார்.

எனக்கும் அந்தக் கனவு வேண்டியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் சீனப்பன் என்று ஒருவர். மாரண்டஹள்ளிக்காரர். தக்காளி லோடு ஓட்டின டிரைவர். வருஷக்கணக்கில் வீல்சேரில் இருக்கிறவர். மூத்திரத்தில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்ததால் படுத்திருந்தார். வாய் சும்மா இருக்காது. யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்.

"கனவுல நடக்கிறியாமே குரு?"

"ஆமாங்க."

"நானுந்தான் நடக்கிறேன். வண்டி கவுந்ததுல இருந்து நடந்துட்டே இருக்கிறேன். இன்னும் வூடு போய்ச் சேரல."

காவேரிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க சாமி வேற, எங்க சாமி வேறங்க."

"சாமி வேறதாம்மா. நரம்பு ஒண்ணுதான?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். "ஆனா ஒண்ணு கேளு. மொத ரெண்டு மூணு வருசம் சும்மா கைய வீசிட்டு நடந்தேன். அப்புறம் பாரு, இந்த வீல்சேரு உள்ள வந்துருச்சு. நான் நடக்கிறேன், அதைத் தள்ளிக்கிட்டே நடக்கிறேன். காலியா. கனவுல ஒருத்தன் கேக்கறான், எதுக்கய்யா தள்ளிட்டுத் திரியிறன்னு. விட்டுட்டுப் போனா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவானே, நாளைக்கு நான் எதுல குந்தறது? அப்படின்னு சொல்றேன்."

வார்டே சிரித்தது. காவேரி சிரிக்கவில்லை.

"எங்க ஊர்ல செல்போன் ரிப்பேர் பண்றவரு ஒருத்தர் இருக்காரு. பொறந்ததுல இருந்து ரெண்டு காலும் வராது. அவரு கனவுல ஓடறாராம். ஓடறதுன்னா எப்படின்னு அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அவருக்கு எந்தச் சாமிம்மா உத்தரவு போட்டுது?"

அவள் திரையை இழுத்துவிட்டுவிட்டாள்.

இன்னொன்றும் நடந்தது. தூக்கத்தில் என் கால்கள் துள்ள ஆரம்பித்தன. முழங்கால் மடங்கும், நீளும், பாதம் உதறும். எனக்குத் தெரியாது. காவேரிதான் பார்த்தாள். நசுங்கின நரம்புக்குக் கீழே இருக்கிற பகுதி மேலிடத்துப் பேச்சு இல்லாமல் தானாகவே உதறுகிறது, குணமாவதற்கு அடையாளம் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். அவள் அப்போது அவரைக் கேட்கவில்லை. அவள் பார்த்தது வேறு. நான் கண்ணை மூடிக் கிடக்கிறேன். கால்கள் நடக்கின்றன.

அன்றிலிருந்து ராத்திரியில் அவள் என்னைத் திருப்பவில்லை.

கட்டில் பக்கத்தில் விழித்து உட்கார்ந்துகொண்டு காவல் இருந்திருக்கிறாள். சிஸ்டர் வந்து பார்த்தால், "இப்பத்தான் திருப்பினேன்" என்பாள். திருப்ப உதவிக்கு வந்த, எதிர்க் கட்டில்காரருக்குத் துணைக்கு இருந்த அம்மாவிடம், "எழுப்பாதீங்க, நடக்கிறாரு" என்றாளாம். தூங்கிவிட்டதால் செய்யாமல் விட்டவள் இல்லை. தூங்காமல் இருந்து செய்யாமல் விட்டாள். இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், வெளியே சொல்கிறவர்கள் அவள் சோம்பேறித்தனத்தால் புண் வந்தது என்கிறார்கள். அது தப்பு.

எனக்கு அந்த ராத்திரிகள் நன்றாக இருந்தன. நீளமாக நடந்தேன். ஒரு கனவில் மரமே ஏறினேன். பட்டை காலில் பிடித்தது. உலுக்கினேன். பழம் சடசடவென்று கொட்டியது. கீழே யாரோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

புண்ணை முதலில் கண்டுபிடித்தது மூக்குதான். காலையில் படுக்கை விரிப்பு மாற்ற வந்த சிஸ்டர் நின்று மூச்சை இழுத்தார். என்னை ஒருக்களித்துப் பிடிக்கச் சொல்லி முதுகுக்குக் கீழே பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டார். இடுப்பு முடிகிற இடத்தில், நடு எலும்பின்மேல், உள்ளங்கை அளவுக்குத் தோல் கறுத்திருந்ததாம். கறுப்பை வெட்டி எடுத்ததும் உள்ளே பள்ளம். எலும்பு தெரிந்ததாம். நான் பார்க்கவில்லை. முதுகில் இருப்பதை எப்படிப் பார்ப்பது. வெட்டும்போது மரப்பு ஊசிகூடப் போடவில்லை. தேவைப்படவில்லை. கத்தி வைக்கிற சத்தம் தட்டில் கேட்டது. அதை வைத்துத்தான் முடிந்தது என்று தெரிந்துகொண்டேன்.

சிஸ்டர் காவேரியைப் பார்த்துக் கேட்டார். "நைட்டு திருப்பினீங்களா, இல்லையா?"

காவேரி தரையைப் பார்த்தாள்.

"உங்களத்தாம்மா. ஒரு ஆளைக் கொல்றதுக்குப் பேரு பாசமா? வாயத் தொறங்க."

"அவரு நடந்துட்டு இருந்தாரு சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டருக்கு அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சீனப்பன் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

காய்ச்சல் வந்தது. குளிர் தூக்கிப் போட்டது. புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதென்றார்கள். பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்து, கைநழுவியும் போயிற்று. புண் இருக்கிறவர்களை அங்கே எடுத்துக்கொள்வதில்லை. புண் மூடினால் பயிற்சி உண்டு. மூடாவிட்டால் உயிரே நிச்சயம் இல்லை. டாக்டர் இதை மறைக்காமல் சொன்னார். பக்கத்துத் தசையை இழுத்துப் பள்ளத்தை மூடி ஒரு ஆபரேஷன் செய்தார்கள். அதன்மேல் பாரம் விழக்கூடாது. குப்புறப் போட்டார்கள். மல்லாக்க மட்டும் கூடாது, ஒருக்களித்துத் திருப்பிப் போடலாம் என்றார்கள்.

கட்டில் விளிம்புக்கு வெளியே முகத்தை நீட்டிக் குப்புறப் படுத்தவனுக்கு உலகம் என்பது தரைதான். மனிதர்களைச் செருப்பை வைத்து அடையாளம் தெரிந்துகொள்வேன். அண்ணன் வந்தால் ரப்பர் செருப்பு. டாக்டர் கறுப்பு ஷூ. பாப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பள்ளிக்கூட ஷூவையே போட்டு வந்திருந்தாள். அவள் தரையில் மல்லாக்கப் படுத்து, கட்டில் விளிம்புக்குக் கீழே தலையை நீட்டி என் முகத்தைப் பார்த்தாள். "இப்படிப் பாத்தா நீ நிக்கிற மாதிரி இருக்குதுப்பா" என்றாள். ஒரு ஆரஞ்சுச் சுளையை வாயில் வைத்தாள். சாறு அவள் நெற்றியிலேயே சொட்டியது.

அந்த நாட்களில் என் கனவும் மாறிவிட்டது. அதே மண்பாதையில் நடக்கிறேன். கையில் ஏதோ கனக்கிறது. பார்த்தால் மூத்திரப் பை. டியூப் வேட்டிக்குள் போகிறது. பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். எதிரே வருகிறவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பை இருக்கிறது. சீனப்பனிடம் சொன்னேன்.

"எனக்கு வீல்சேரு, உனக்குப் பையா? நமக்கு ஆனது கனவுக்குள்ள வர்றதுக்கும் ஒரு வாசல் வேணுமில்ல குரு. செத்த காலு கடைசியாத்தான் வரும் போல" என்றார். அன்று அவர் குரலில் கிண்டல் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் காவேரி என் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எனக்கும் ஒரு கனா வந்துதுங்க."

"சொல்லு."

"சந்தைக்குப் போறோம். நான் முன்ன போறேன். நீங்க பின்னால வர்றீங்க. திரும்பிப் பாக்கறேன். நீங்க வண்டியில வர்றீங்க. நீங்களே சக்கரத்தத் தள்ளிட்டு. 'வெங்காயம் பாத்து வாங்கு, அடியில அழுகல் போடுவான்'னு சொல்றீங்க." அழுதாள். "எனக்கு எதுக்குங்க இப்படி வருது? உங்களுக்கு நடக்கிற மாதிரி வருது. நான் இல்ல உங்கள வண்டியில வெச்சுட்டேன்?"

அண்ணன் அப்போது அங்கே இருந்தார். ரப்பர் செருப்பு ஒரு அடி பின்னால் போயிற்று. "பொம்பளைங்க கனா உத்தரவுல சேராது. அதை வெளிய சொல்லாத" என்றார்.

"அண்ணா" என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "எலும்பு தெரியுதுன்னாங்க. உங்களுக்குக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

"நான் பாக்கல. நீங்க பாத்தீங்க. அப்புறம் எதுக்கு இன்னும் உத்தரவு?"

கொஞ்ச நேரம் செருப்பு அங்கேயே இருந்தது. பிறகு, "டீ வாங்கிட்டு வரேன்" என்று போனார். வர நேரமாயிற்று.

காவேரியிடம் சொன்னேன். "இனிமே எழுப்பு."

"நடுவுல எழுப்பினா..."

"தெரியும். எழுப்பு."

சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு மனசு இல்லை. விழித்திருக்கும்போது தரை. கண்ணை மூடினால் மட்டும் பாதத்தில் மண் சுடுகிறது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதையும் கலைக்கச் சொல்லி நானே கேட்கிறேன். வேறு வழி என்ன இருக்கிறது? புதிதாக இப்படி ஆனவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கனவில் நடப்பீர்கள். எல்லோரும் நடக்கிறார்கள். சந்தோஷமாக நடங்கள். ஆனால் உங்களைத் திருப்பிப் போடுகிறவர்கள் அந்த நேரத்தில் திருப்பட்டும்.

பொழுதோடு தூங்கிவிட்டேன் போல. மண்பாதை வந்தது. பை கையில் இருந்தது. வேகமாக நடந்தேன். ரயில்வே கேட் திறந்திருந்தது. இதுவரை அதைத் தாண்டியதில்லை. தண்டவாளத்துப் பக்கம் ஜல்லி குத்தியது. காலைத் தூக்கினேன்.

தோளில் கை விழுந்தது. இடுப்பில் இன்னொரு கை. உடம்பு மரக்கட்டை போலப் புரண்டது. கண் விழித்தேன். காவேரி மூச்சு வாங்க நின்றாள். அண்ணன் என் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கால்கள் அவர் கையில் உதறிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

காவேரி தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்தாள். கட்டுப் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை.

"நடந்துட்டு இருந்தீங்களா?"

"ம்."

"எது வரைக்கும்?"

"கேட்டு வரைக்கும்."

அவள் டியூப் மடங்காமல் எடுத்துவிட்டாள். போர்வையை இழுத்து என் பாதத்தை மூடினாள். அது குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி" என்றாள். "இந்தப் பக்கம் பாத்துப் படுத்துக்கிட்டு மிச்சத்த நடங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எழுப்புவேன்."